தண்ணீருக்குள் நின்ற அப்பா

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை. குறைக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் பட்டம் வாங்கிய புதிதில், எனக்குத் தெரியாத விஷயமே உலகில் இல்லை என்றுதான் நடமாடினேன். அதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் வட்டார நூலகத்தில் இயற்கைக் காட்சிப் படங்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக்கருகே உள்ள பூங்காவில் ஒரு குளம். சுற்றிலும் பழுத்துச் சிவந்த மரங்கள். கண்காட்சிக்காக அதைப் படமெடுக்கப் போனேன். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை முடித்து வந்த அப்பாவும் துணைக்கு வந்தார். (ஷிப்ட் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. ஒளிரும் செம்மஞ்சள். விமானத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.)

நான் கமராவைச் சரிசெய்து நிமிர்ந்தால், அப்பா எதிர்க்கரையில் மரத்தடியில் கைகட்டி நிற்கிறார்.

"அப்பா, விலகுங்கோ! இது மரங்களின்ரை படம்."

"ஆளில்லாத படத்தை ஆர் பிள்ளை பாக்கிறது? நீ எடு, நான் அசையேல்லை."

எங்கள் வீட்டு வழக்கம் அது. கோபுரமோ கடலோ, முன்னால் ஒருவர் நிற்காவிட்டால் அது படமே இல்லை. வெயிலோ இறங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, கணினியில் அப்பாவை அழித்தேன். பக்கத்துப் புல்லையும் அடிமரத்தையும் நகலெடுத்து அவர்மேல் பூசினேன். பிறகு இலைகளின் சிவப்பைத் தாராளமாகக் கூட்டினேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

கண்காட்சி நாளன்று அப்பா தன்னோடு வேலை செய்யும் இருவரைக் கூட்டிவந்தார். "மகள் எடுத்த படம், நானும் அதிலை நிக்கிறன்" என்று வழியெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அப்பா படத்தில் மரத்தடியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பிள்ளை, நான் எங்கை?"

"அது வந்து... வெளிச்சம்..." என்றேன். (மூன்று வருடப் பல்கலைக்கழகம் தந்த சொல்வளம்.)

அதற்குள் கூட வந்தவர்களில் ஒருவர் குனிந்து குளத்தைச் சுட்டினார். "அண்ணை, இஞ்சை நிக்கிறியள்! தலைகீழாய்!"

கரையில் நின்றவரை அழித்தவள், தண்ணீரில் விழுந்த அவர் பிம்பத்தை மறந்துவிட்டேன். சிவப்பைக் கூட்டியதில் ஜாக்கெட் வேறு தீப்பிடித்ததுபோல் எரிந்தது.

"தகப்பனைத் தண்ணிக்குள்ளை தாட்டுப்போட்டாளே!" என்றார் மற்றவர். நூலகமே திரும்பிப் பார்த்தது.

அப்பா சிரிக்கவில்லை. "என்னை அழிச்சனியோ?" என்றார்.

"ஓம்."

கண்காட்சி முடிந்ததும் அப்பா படத்தைத் தானே தூக்கிவந்து வரவேற்பறையில் மாட்டினார், தலைகீழாக. இப்போது அப்பா நிமிர்ந்து நிற்கிறார், மரங்கள் தொங்குகின்றன, வானம் கீழே கிடக்கிறது. இரண்டு தடவை திருப்பி மாட்டிப் பார்த்தேன். மறுநாளே பழையபடி.

வீட்டுக்கு வருகிறவர்கள் கழுத்தைச் சரித்துப் பார்த்தால், அப்பா நிதானமாகச் சொல்வார்: "படிச்ச பிள்ளை எடுத்தது. எந்தப் பக்கம் மேலை எண்டுதான் அவளுக்குத் தெரியேல்லை."