குடை என்றால் ஆன்மா

“அஞ்சுக்கு அரை!”

மைத்ரேயி விடைத்தாளைச் சாப்பாட்டு மேஜையில் வீசினாள். ரசத்தில் விழாமல் தப்பியது. விழுந்திருந்தாலும் நஷ்டம் அரை மதிப்பெண்தான்.

சீதாராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ப்ளஸ் டூ திருப்புதல் தேர்வு, ஆங்கிலம், கவிதைக் கேள்வி. பதில் முழுக்க முழுக்க அவர் சொல்லிக்கொடுத்தது. இன்சூரன்ஸ் ஆபீசில் இருபது வருடமாக மற்றவர்கள் எழுதும் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துகிறவர். அந்தத் தைரியத்தில்தான் போன வாரம் மகள் கையிலிருந்த ஜெராக்ஸ் நோட்ஸைப் பிடுங்கிப் பரணில் போட்டார். “கண்டவன் எழுதுனதை மனப்பாடம் பண்ணாத. உனக்கு என்ன தோணுதோ அதை எழுது” என்று உபதேசம் வேறு. மகளுக்கு ஒன்றும் தோன்றாததால், தனக்குத் தோன்றியதை எழுதச் சொன்னார்.

கவிதை சின்னதுதான். இருநூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் ஓர் ஆள் மழையில் நடந்து வருகிறான். கையில் குடை இருக்கிறது, விரிக்கவில்லை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான். யாரும் திறக்கவில்லை. குடையை வாசலில் சாத்தி வைத்துவிட்டு நனைந்துகொண்டே திரும்பிப் போகிறான். பதினாறு வரி. கேள்வி: குடை எதைக் குறிக்கிறது?

“இதுல என்ன தப்பு? இரவல் குடை. திருப்பிக் கொடுக்க வந்திருக்கான். வீட்டுல ஆள் இல்ல, வச்சிட்டுப் போயிட்டான்” என்றார் சீதாராமன்.

“நல்ல மனுசன்” என்றாள் மனைவி ஸ்யாமளா. “உங்க தம்பி கொண்டுபோன குக்கர் இன்னும் வரல.”

“எங்க காலத்துலயும் இதே கவிதைதான். நான் அஞ்சுக்கு அஞ்சு.”

“அதைத்தான் கல்யாணத்தன்னைக்கே சொல்லிட்டீங்களே.”

“நோட்ஸ்ல குடைன்னா ஆன்மான்னு இருந்துச்சுப்பா” என்றாள் மைத்ரேயி. “அதை அப்படியே எழுதுன எதிர்வீட்டுக் கிருஷ்ணபிரசாத்துக்கு முழு மார்க். ஃபர்ஸ்ட் ரேங்க்கும் அவனுக்குப் போயிருச்சு.” அவள் கண் கலங்கியது. “இனிமே எனக்கு நீங்க எதுவும் சொல்லிக்கொடுக்க வேணாம்.”

ரேங்க் போனதைக்கூட சீதாராமன் தாங்கிக்கொண்டார். அந்தக் கடைசிப் பேச்சைத் தாங்க முடியவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

“நாளைக்கே ஸ்கூலுக்கு வாரேன். நேர்லயே கேட்டுப்புடுறேன்.”

ஆங்கில டீச்சர் ரூபினா பொறுமையாகத்தான் பேசினார்.

“சார், எழுத வேண்டிய பாயிண்ட் மூணு. குடை ஆன்மா, மழை துயரம், மூடின கதவு மரணம். பாப்பா மூணையுமே எழுதல.”

“குடை ஆன்மான்னு கவிதையில எந்த வரியில இருக்கு டீச்சர்?”

“எந்த வரியிலயும் இருக்காது சார். அதனாலதான் அது கவிதை.”

இதோடு வீடு திரும்பியிருக்கலாம். சீதாராமன் விடவில்லை. “அப்ப அந்த அரை மார்க்கு மட்டும் எதுக்குப் போட்டீங்க?”

ரூபினா தாளை வாங்கிப் பார்த்தார். “சரியான கேள்வி சார். என் தப்புதான்” என்று அரையை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார்.

மறுநாள் ஆபீசில் இளநிலை உதவியாளர் காளை ஆறுதல் சொன்னான். “இதுக்குப் போயி இம்புட்டு மண்டையை உடைக்கணுமாண்ணே? போனைக் கேட்டா சொல்லப்போகுது.”

போன் மூன்றே விநாடியில், குடை என்பது ஏகாதிபத்தியம் என்றது. வேறு அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நிறைவேறாத காதல் என்றது. இன்னும் கேட்டார்கள். தாய் என்றது. கேட்டவர் மனம் கோணாமல் பதில் சொல்லும் பிள்ளை. சீதாராமன் மூன்றையும் கோத்து நான்கு பக்கக் கடிதம் எழுதி, மகளிடமே டீச்சருக்குக் கொடுத்தனுப்பினார்.

மாலையில் மைத்ரேயி இம்போசிஷனோடு வந்தாள். ஆன்மா, துயரம், மரணம். ஐம்பது தடவை. திங்கட்கிழமை அடுத்த திருப்புதல் தேர்வு, அதிலும் இதே கேள்வி வரும் என்று டீச்சர் வகுப்பு முழுவதற்கும் சொன்னாராம், இவளை மட்டும் பார்த்துக்கொண்டு.

அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள். தண்ணீர் வேண்டுமென்றால்கூட, “அவரைச் சொம்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா” என்றாள். ஒரு கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த சீதாராமன் சொம்பைத் தள்ளி வைத்தார்.

சனிக்கிழமை பரணிலிருந்து நோட்ஸை இறக்கினார். கடைசிப் பக்கத்தில் முகவரி இருந்தது: சிஹாபுதீன், ஆங்கில ஆசிரியர் (ஓய்வு), கோரிப்பாளையம்.

“நீயும் வா. உன் முன்னாடியே கேக்குறேன்.”

இதற்கு மேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று மைத்ரேயியும் பைக்கில் ஏறினாள். பாவம், சின்னப் பெண்.

சிஹாபுதீன் வாசலுக்கே வந்து வரவேற்றார். அவர் மனைவி ஜெயினம்பு டீ கொண்டுவந்து வைத்தார்.

“பழங்காநத்தத்துல இருந்து வாரோம் சார். இவ ரூபினா டீச்சர் கிளாஸு. குடைன்னா ஆன்மான்னு எவன் உங்களுக்குச் சொன்னான்? ஒரு பொறுப்பில்லாத ஆளு உளறுனதுல எம் பொண்ணு ரேங்க்கே போச்சு!”

சிஹாபுதீன் சிரித்தார். “சத்தியமா எனக்கே அந்தக் கவிதை புரியாது தம்பி. ஒரு அரையாண்டுப் பரிட்சையில எவனோ எழுதுன பதிலு அது. முப்பது வருசமா அதைத்தான் ஜெராக்ஸ் போடுறேன். உங்க ரூபினா டீச்சரும் அதைப் படிச்சுத்தான் பாஸானா.”

மைத்ரேயி நிமிர்ந்தாள். “அப்ப எங்கப்பா சொன்னது சரியா இருக்கலாமா சார்?”

“தாராளமா. குடை குடையாவே இருந்துட்டுப் போகட்டுமே.”

மைத்ரேயி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சீதாராமன் தன் டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்த நிமிடமே கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

“இருந்தாலும், அந்தப் பதிலை எழுதுன மகானுபாவன் யாருன்னு தெரிஞ்சாகணும் சார். எம் பொண்ணு முன்னாடியே அவனை நாலு வார்த்தை கேக்கணும்.”

“இருக்குங்க, அந்தப் பேப்பரைப் பத்திரமா வச்சிருக்கோம்” என்று ஜெயினம்பு எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். “அந்த வருசம் ஸ்கூலு மாத்திப் பேப்பர் திருத்துனாங்க. புத்தகத்தையே தொடாத ஒரு பய, ரெண்டு பக்கம் அளந்து விட்டிருந்தான். ‘புளுகுனாலும் எம்புட்டு அழகாப் புளுகுறான்’னு இவரு விழுந்து விழுந்து சிரிச்சு, அஞ்சுக்கு அஞ்சு போட்டாரு.”

பழுப்பேறிய தாளை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“பேருகூட இருக்கு... எல். சீதாராமன், பழங்காநத்தம். ஒங்க ஏரியாதான், ஆளைத் தெரியுமா தம்பி?”