எழுந்ததற்குப் படம் இல்லை

"அண்ணே, உங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் தர முடியாது. நீங்க போன மாசமே செத்துட்டீங்க."

ஐஸ் தீர்ந்துவிட்டது என்று காப்பிக்கடைக்காரி சொல்வதைப் போல இதைச் சொன்னாள் வட்ட அலுவலக எழுத்தர் ரட்சனி. புன்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொரியாவில் முட்டைக்கோஸ் தோட்ட வேலை காத்திருந்தது. சாயங்காலத்துக்குள் நகல் ஏஜெண்ட் கைக்குப் போகாவிட்டால் அந்த இடம் வேறு எவனுக்கோ போய்விடும்.

"செத்தவன் எப்படிம்மா வரிசையில நிப்பான்?"

"நிக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லையே. கம்ப்யூட்டர்ல செத்திருக்கீங்க, நான் என்ன பண்ண?"

"இரு, நான் சிரிச்சுக்கிட்டு இருக்கிற படமே காட்டறேன்!" புன்மா செல்போனை நீட்டினான். பதற்றத்தில் விரல் வழுக்கியது. திரையில் அவன் சவப்பெட்டிக்குள் கண்மூடிப் படுத்திருந்தான். கையில் பூ, சுற்றிலும் புத்த பிக்குகள்.

"அட, இதே படந்தான் எங்க ஃபைல்லயும் இருக்கு!"

"ஐயோ, அது பரிகாரம்! இந்த வருஷம் எனக்குக் கண்டம்னு ஜோசியர் சொன்னார். பெட்டியில படுத்து எழுந்தா பீடை தொலையும்னு என் பொண்டாட்டிதான் கோயிலுக்கு இழுத்துட்டுப் போனா. படமும் அவதான் எடுத்தா."

"படுத்தது தெரியுது. எழுந்ததுக்குப் படம் எங்க? நானும்தான் போன வருஷம் படுத்தேன். எழுந்த கையோட ஒண்ணு எடுத்து வச்சுக்கிட்டேன்."

புன்மா தன் நண்பன் கெங் என்பவனைச் சாட்சிக்கு வரவழைத்தான். கெங் வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தான்.

"நான் அங்கதாங்க இருந்தேன். பெட்டி மேல வெள்ளைத் துணி போத்தினதை ரெண்டு கண்ணால பாத்தேன்."

"எழுந்ததைப் பாத்தீங்களா?"

"அது வந்து... அப்ப பன்றிக்கறிக் கஞ்சி ஊத்த ஆரம்பிச்சுட்டாங்க."

ரட்சனி அதையும் எழுதிக்கொண்டாள். இப்போது சாவுக்குச் சாட்சியும் சேர்ந்துவிட்டது. புன்மா ஆத்திரத்தில் மேசையை ஓங்கி அடித்தான். பின்னால் நின்றிருந்த அம்மாள் கழுத்துத் தாயத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டமாக வெளியேற, வரிசையே காலியானது.

"பேய் மாதிரி ஆடாதீங்கண்ணே. குடும்பப் பதிவுல வீட்டுத் தலைவி யாரு? அவங்க வந்து உயிரோட இருக்கார்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"லம்துவன்! என் பொண்டாட்டிதான்!" புன்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தன் சுட்ட கோழிக் கடையிலிருந்து, கட்டிய ஏப்ரனோடு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தாள் லம்துவன்.

"இவர் உங்க வீட்டுக்காரர்தானே? உயிரோடதானே இருக்கார்?"

லம்துவன் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இல்லீங்க. செத்துட்டார்."

கெங்கின் வாய் பிளந்தது. சோறு போட்ட கை, சண்டைக்குப் பிறகு தலைவலித் தைலம் தேய்த்துவிட்ட கை, அதுவே இப்படி அவனைக் குழிக்குள் தள்ளுகிறதே என்று புன்மா பதறினான்.

"அடியே, கண்ணு முன்னால நிக்கிறேனே! நான் உயிரோட..."

அவள் பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதீங்க, எமன் காதுல விழுந்துடப் போகுது! நான் எவ்வளவு பாடுபட்டு உங்களைச் சாகடிச்சு வச்சிருக்கேன்... இந்த வருஷம் முடியட்டும், நானே வந்து பொறப்புச் சான்றிதழ் வாங்கித் தர்றேன்!"