ஊசிக்குப் பயந்த பஸ் அண்ணன்

ரத்ததானத்துக்காக இந்தச் சிலாங்கூர் மாநிலத்திலேயே அதிகம் பாடுபட்டவர் யார் என்று என்னைக் கேட்டால், ஒன்பது வருடமாக ஒரு சொட்டு ரத்தம்கூடக் கொடுக்காத ஒரு மனிதரைத்தான் கைகாட்டுவேன். ஈஜோக் வட்டாரத்தில் அவருக்குப் பெயர் பஸ் அண்ணன். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அவர் மனைவியே அவரை ‘என்னா பஸ்ஸு’ என்றுதான் கூப்பிடுவார்.

தொழிற்சாலை பஸ் ஓட்டினார். விடியும் முன்பே தோட்டத்து லய வீடுகளிலும் கம்பம் என்கிற கிராமத்து முச்சந்திகளிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், புஞ்சாக் ஆலாம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இறக்குவார். அந்த நேரத்தில் செம்பனைத் தோட்டம் முழுக்கப் பனி இறங்கிக் கிடக்கும். பஸ் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மஞ்சள் விளக்குகள் மட்டும் தாமாகவே மிதந்து வரும். பாதித் தூக்கத்தில் ஏறுகிறவர்களுக்கு ஏறியதா, கனவு கண்டதா என்று தொழிற்சாலை வாசலில்தான் தெளியும்.

நான் எங்கள் ஊர் சேவை மன்றத்தின் செயலாளர். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுகிறவன் என்று என்னைப் பலருக்குப் பிடிக்காது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. ஆண்டு விருந்துக்கு மட்டும் குடும்பத்தோடு வந்து கோழி வறுவலைக் காலி பண்ணிவிட்டுப் போகிற உறுப்பினர்களைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, ஒரு விதி கொண்டுவந்தேன். ஒரு தடவையாவது ரத்தம் கொடுத்தவர்தான் முழு உறுப்பினர். அவருக்குத்தான் மன்றத்தின் நீல ஜாக்கெட். உடம்பு இடம் கொடுக்காதவர்கள் டாக்டர் கடிதம் காட்டலாம். கோழி வறுவல் கும்பல் ஓடிவிடும் என்று நம்பினேன். பாவிகள், வரிசையில் நின்று ரத்தம் கொடுத்துவிட்டு, ஜாக்கெட் மாட்டிக்கொண்டு விருந்துக்கு வந்தார்கள். அந்த விதியில் சிக்கிக்கொண்டவர் பஸ் அண்ணன் ஒருவர்தான்.

மன்றத்தில் எந்த வேலையானாலும் முதல் ஆள் அவர். வெள்ளம் வந்தால் அவர் பஸ்தான் அரிசி மூட்டை சுமக்கும். சாக்கடை சுத்தம் செய்ய எட்டு மணிக்கு வரச் சொன்னால், ஏழரைக்கே பாதிச் சாக்கடையை வாரிக் கரையில் போட்டுவிட்டு எங்களுக்காகக் காத்திருப்பார். ஆனால் படம் எடுக்கும்போது மட்டும் கேமராவை வாங்கிக்கொண்டு எதிரில் போய் நின்றுவிடுவார். ஜாக்கெட் இல்லாத ஆள் வரிசையில் நின்றால் வரிசை கெட்டுவிடுமாம். இதனால் எங்கள் ஒன்பது வருட ஆல்பத்தில் எல்லாரும் இருக்கிறோம், அவர் இல்லை.

ரத்ததான முகாமுக்கு ஆள் சேர்ப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கெஞ்சி பஸ்ஸை வாங்கிக்கொண்டு லயம் லயமாகப் போவார். ‘ஒண்ணும் வலிக்காது லா, எறும்பு கடிச்ச மாதிரிதான். படு, எந்திரி, மைலோ குடி, அவ்ளோதான்’ என்பார். ஒரு தடவை தைப்பூசத்துக்கு முந்திய வாரம் முகாம். பஸ் வந்து நின்றது. முப்பது பேர் இறங்கினார்கள், முப்பது பேரும் மஞ்சள் உடுப்பு. ‘வெரதம் இருக்கிறவங்க ரத்தம் சுத்தமா இருக்கும்ல, அதான் கோயிலுக்கே போய் ஏத்திக்கிட்டு வந்துட்டேன் செகட்ரி’ என்றார் பெருமையாக. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் ஒவ்வொருவரையும் கேட்டார், ‘பசியாறிட்டீங்களா?’ யாரும் பசியாறவில்லை. ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சாயங்காலம் பூசைக்கு அப்புறம். வெறும் வயிற்றில் எடுக்க மாட்டோம் என்று ரத்த வங்கிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். முப்பது பேரும் ‘வேல் வேல்’ என்று மறுபடி பஸ் ஏறினார்கள்.

அவரும் முகாமுக்கு முகாம் படுக்கத்தான் செய்தார். முதல் தடவை, மிஸ்ஸி பஞ்சைப் பிரித்தார். அவ்வளவுதான், ஆள் இல்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண்ணைத் திறந்தவர் முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

‘எங்கண்ணே போனீங்க?’ என்று ஏதோ பேச்சுக்குக் கேட்டேன்.

‘பாசிர் பெனம்பாங். படகுல இஞ்சினே இல்ல செகட்ரி, ஆனா போவுது. ஆத்துத் தண்ணி பால் மாதிரி இருக்கு. மீனெல்லாம் தண்ணிக்கு மேல வந்து உக்காந்து என்னையே பாக்குது.’

‘எதுக்கு?’

‘டிக்கெட்டு கேக்குது.’

இரண்டாவது தடவை கோலசிலாங்கூர் மலைக்குப் போய்விட்டு வந்தார். அங்கே குரங்குகள் எல்லாம் நீல ஜாக்கெட் போட்டு மீட்டிங் நடத்தினவாம். ‘நீங்கதான் மினிட்ஸ் எழுதிக்கிட்டு இருந்தீங்க’ என்றார். மூன்றாவது தடவை பஸ் சக்கரத்தைக் கழற்றிவைத்துவிட்டுச் செம்பனை மட்டைகளின் மேலேயே வழுக்கிக்கொண்டு போனதாம், கீழே கொக்குகள் வெள்ளை வெள்ளையாகக் கைகாட்டினவாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வரும். சுற்றி நிற்கிற நாங்களும் கொஞ்ச நேரம் அந்த மட்டைகளின் மேல் மிதப்போம். போகப் போக, ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் என்னிடம், ‘இந்தத் தடவ அவரு எத்தன மணிக்கு மயங்குறாரு?’ என்று கேட்டு அதற்குத் தகுந்த மாதிரி வர ஆரம்பித்தார்கள்.

டாக்டர் கடிதம் வாங்கி வாருங்கள் என்று நான் பலமுறை சொன்னேன். ‘நோய்க்குத்தான லெட்டரு தருவாங்க. எனக்கு நோயில்ல, பயந்தான்’ என்று சொல்லிவிட்டார்.

போன வருடம் உறுப்பினர் படிவங்களைச் சரிபார்த்தபோதுதான் அவர் பிறந்த தேதி என் கண்ணில் பட்டது. அடுத்த முகாம் முடிந்து நாலாம் நாள் அவருக்கு அறுபது முடிகிறது. அறுபது தாண்டியவரிடம் முதல் தடவை ரத்தம் எடுக்க மாட்டார்கள். இந்த முகாமை விட்டால் அவருக்கு முகாமே இல்லை. கோழி வறுவலுக்கு வைத்த பொறியில் இந்த மனிதர் ஒன்பது வருடமாகக் கால் மாட்டி நிற்கிறார், வைத்தவன் நான்.

கூட்டத்தைக் கூட்டினேன். விதியை எடுத்துவிடலாம் என்று நானே முன்மொழிந்தேன். என் வாயிலிருந்து அப்படி வந்ததைக் கேட்டுத் தலைவருக்கு இருமல் வந்துவிட்டது. எல்லாரும் கை தூக்கினார்கள். கடைசி வரிசையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பஸ் அண்ணன், ‘வேணாம்’ என்றார்.

‘ஏண்ணே, உங்களுக்காகத்தான செய்றோம்.’

‘ஜாக்கெட்டுக்கா நான் வரேன்?’ என்றார். முதல் முறையாக அவர் குரலில் கோபம் இருந்தது. ‘எத்தன பேரக் கூட்டிக்கிட்டு வந்து படுக்க வெச்சிருக்கேன். வலிக்காதுனு சொன்னேன். என்னைய நம்பித்தான் கைய நீட்டுனாங்க. எனக்கே தெரியாம சொன்னேன் செகட்ரி. அது நெசமா பொய்யானு நான் தெரிஞ்சிக்க வேணாமா?’

தூக்கிய கைகளை ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டார்கள்.

முகாம் அன்று காலையிலிருந்து தூறல். பொது மண்டபத்தின் தகரக் கூரையில் அது மெல்லிய சத்தத்தோடு விழுந்துகொண்டிருந்தது. பஸ் அண்ணன் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தானும் வரிசையில் நின்றார். அவர் சரித்திரம் ரத்த வங்கிக்காரர்களுக்கு மனப்பாடம். அவர்களோடு வந்திருந்த சின்ன வயது டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேண்டாமே என்றார். இவர் கும்பிட்டார். கடைசியில் டாக்டரம்மா ஒரு நிபந்தனை போட்டார். கண்ணைத் திறக்கக் கூடாது, வாயை மூடக் கூடாது. பேச்சு நின்றால் ஊசியை எடுத்துவிடுவேன் என்றார்.

படுத்தார். உதடு வெளுத்துவிட்டது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

‘என்னாத்த பேசறது செகட்ரி?’

‘பஸ்ஸ ஓட்டுங்கண்ணே’ என்றேன்.

அவர் வலது கால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற மாதிரி மெதுவாக அழுத்தியது.

‘மணி அஞ்சே கால். பனி கொட்டுது. வைப்பர் ஒண்ணுதான் ஆடுது. மொத ஸ்டாப்பு, கோயில் முச்சந்தி. வாங்க லெச்சுமியக்கா, பையப் பாத்து, சம்பல் கொட்டிடப் போவுது. ராஜு, ஜன்னல் பக்கம் போயி தூங்கு. பாலத்துக்கிட்ட நானே எழுப்பறேன்.’

மிஸ்ஸி பஞ்சைப் பிரித்தார். ஊசி இறங்கும்போது நான் அவர் கையை இறுக்கினேன். அவர் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

‘மண்டோர் வீடு. கமலா இன்னும் வர்ல. ரெண்டு நிமிஷம் நிப்போம், புள்ளைக்குப் பால் கலக்குவா. யாரும் ஹாரன் அடிக்கச் சொல்லாதீங்க. இதோ வந்துட்டா. மெதுவா ஏறும்மா.’

லெச்சுமியக்கா வேலையை விட்டு வருடங்களாகிவிட்டன. ராஜு ஜொகூரில் இருக்கிறான். கமலாவை நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். அவருக்குத் தெரியாததா? ஆனாலும் ஒருவரையும் விடாமல் ஏற்றிக்கொண்டார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் அவர் கால் கட்டில் விளிம்பில் பிரேக் பிடித்தது. மண்டபம் முழுக்க அந்தப் பனிக்குள்ளேயே ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தோம்.

‘முடிஞ்சிருச்சு பாச்சிக்’ என்று மாமா முறை வைத்து மிஸ்ஸி மலாயில் சொன்னார்.

‘இரு மிஸ்ஸி, இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்கு’ என்றார் இவர்.

இறக்க வேண்டியவர்களை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். நேராகத் தன் ரத்தம் நிரம்பிய பையைப் பார்த்தார். நாங்கள் தண்ணீரோடு ஓடினோம். அவர் மயங்கவில்லை.

‘வலிச்சுச்சாண்ணே?’

‘எறும்புக் கடிதான்’ என்றார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. ‘நான் யாருக்கும் பொய் சொல்லல செகட்ரி.’

நான் நீல ஜாக்கெட்டை நீட்டினேன். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், பார்வை பையைவிட்டு நகரவில்லை.

‘இது யாருக்குப் போவும்?’

‘யாருக்குத் தேவையோ அவங்களுக்குண்ணே. நமக்குச் சொல்ல மாட்டாங்க.’

அவர் முகம் வாடிவிட்டது. என் காதருகே வந்து, ‘பயந்தாங்கொள்ளி ரத்தமாச்சே. பாவம், ஏத்திக்கிட்டவங்க ஊசியப் பாக்கறப்பல்லாம் மயங்கி வுழுந்தா என்னா பண்றது?’ என்றார்.

மிஸ்ஸி சிரித்தார், டாக்டரம்மா சிரித்தார், வரிசையே சிரித்தது. என்னால் முடியவில்லை. வெளியே போய்த் தூறலில் நின்றுகொண்டேன்.

வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு என்றைக்காவது ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், பஸ் அண்ணன் ரத்தம் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.