நண்டு அங்கிளின் பஸ்

மலாக்காவில் எத்தனையோ பேர் பஸ் ஓட்டுகிறார்கள். ஓட்டியதைவிட நிறுத்தியே பெயர் வாங்கியவர் எங்கள் நண்டு அங்கிள் ஒருவர்தான்.

தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் பஸ் அது. வழியில் ஆற்று முகத்துவாரம். சாலையின் இருபுறமும் பாக்காவ் மரங்கள் அடர்ந்த அலையாத்திக் காடு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, அங்கே போட்டார் பாருங்கள் ஒரு பிரேக்! என் நெற்றி முன்சீட்டில். காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய என் நாசி லெமாக் சோறு அடுத்தவர் மடியில்.

"யாரும் சத்தம் போடாதீங்க. புள்ளத்தாச்சிங்க ரோட்டைக் கடக்குறாங்க!" என்றார்.

பதறி எட்டிப் பார்த்தேன். பெண் ஒருத்தியும் இல்லை. வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்தபடி ஊதா நிற நண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. காட்டுக்குள் வளை தோண்டி வாழும் நில நண்டுகள். மழைக்காலத்தில் முட்டைகளைத் தண்ணீரில் விடச் சாலையைக் கடந்தாக வேண்டும். லாரிகள் நசுக்கி நசுக்கி அந்த இனமே அருகிப்போயிருந்தது.

அங்கிள் குப்பை அள்ளும் தட்டோடு இறங்குவார். ஒவ்வொன்றாக ஏந்திப்போய் எதிர்ப்பக்கம் விடுவார். விரலைக் கவ்வினால், "கோவிச்சுக்காதம்மா, இதோ வந்துடுச்சு" என்பார். எங்களிடம் ஒருநாளும் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. ஒருமுறை ஹாரன் அடித்து அலுத்த மலாய் லாரிக்காரர் சண்டைக்கே இறங்கி வந்தார். அங்கிள் தட்டைக் காட்டி ஏதோ சொன்னார். அடுத்த நிமிடம் அந்த மனிதர் நடுரோட்டில் துண்டை ஆட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்!

இன்னொரு நாள், எல்லாம் கடந்த பிறகும் பஸ் நகரவில்லை.

"யாரோ பையில எடுத்து வச்சிருக்கீங்க. வெளிய விட்டாதான் வண்டி போகும்."

"எங்கிட்ட சிலிப்பர்தான்லா இருக்கு அங்கிள்" என்றார் நண்டு ரசத்துக்குப் பேர்போன லெட்சுமி அக்கா. அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பை தானாக நடக்கத் தொடங்கியது.

தாமதம் பொறுக்காத மேலாளர் கடைசியில் டிரைவரையே மாற்றப்போவதாகச் சொன்னார். அதுவரை அங்கிளைத் திட்டித் தீர்த்த நாங்கள் கூட்டமாகப் போய் நின்றோம். பேசியது லெட்சுமி அக்கா.

"மழைக்காலத்துல நாங்க அரை மணி முன்னாடியே ஏறிக்கிறோம் சார். அங்கிள் இல்லாத பஸ்ல ஒருத்தரும் ஏற மாட்டோம்."

மேலாளர் விட்டுவிட்டார். பாதித் தூக்கத்தில் நாங்களும் ஆளுக்கொரு தட்டோடு இறங்கினோம். சில வருஷங்களில் சாலையோரம் பொடி நண்டுகள் தென்பட்டன. "என் பேரப்புள்ளைங்க!" என்று லெட்சுமி அக்கா ஆளாளுக்குக் காட்டினார்.

போன மழைக்காலத்தில், முழங்கால் வலி தாங்காமல் அங்கிள் வேலையை விட்டார். கடைசி நாளும் அதே இடத்தில் பஸ் நின்றது. சாலையில் ஒரு நண்டுகூட இல்லை.

"எல்லாரும் தண்ணிக்குப் போய்ச் சேந்துட்டாங்க போல" என்றவர், எங்கள் பக்கம் திரும்பினார். "இத்தன வருஷம் பொறுத்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றிலா புள்ளைங்களா. கெளம்பலாமா?"

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். பின்சீட்டிலிருந்து லெட்சுமி அக்காவின் குரல் கேட்டது.

"கொஞ்ச நேரம் நில்லுங்க அங்கிள். எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."