நெருப்பு மேசையில் ஒரு சத்தியம்

அங்கே இருந்தவர்கள்: செல்வி, பெண். அவள் அப்பா, புதுப்பட்டினத்தில் மீன் ஏலம் விடுபவர். அவள் அத்தை. நான், மாப்பிள்ளை. நாலு பேரில் புத்தி இல்லாதவன் ஒருவன்தான். அவன்தான் இதை எழுதுகிறான்.

மாமல்லபுரம் பக்கம் கடலோர விடுதி ஒன்றில் எனக்கு வேலை. தோட்டத்தில் நெருப்பு மேசைகள் உண்டு. மேசை நடுவில் கேஸ் நெருப்பு எரியும். கடற்காற்று படாமல் இருக்க அதைச் சுற்றி முழ உயரத்துக்குக் கண்ணாடி. சாயங்காலம் ஏற்றுவேன். கூட்டம் போனதும் அணைப்பேன். (எட்டாவது தாண்டாதவனுக்கு நல்ல வேலை.)

பெண் கொடுக்கும் முன் வேலையைப் பார்க்க வேண்டும் என்று மூன்று பேரும் வந்தார்கள். மேனேஜரிடம் சொல்லி ஓர மேசையில் உட்கார வைத்தேன்.

"இன்னா தம்பி, இதான் உன் வேலையா?" என்றார் அப்பா.

"ஆமாங்க. காத்துல நெருப்பு அணையாம பாத்துக்கணும்."

"இதுக்கு சம்பளம் வேற குடுக்குறானுங்களா!"

அத்தை சிரித்தாள். செல்வி சிரிக்கவில்லை. எனக்கு வேர்த்தது. (நெருப்புப் பக்கத்தில் நின்றதால் தெரியவில்லை.)

"சரி, குடிப்பியா?"

"இல்லீங்க."

"எல்லா பயலும் இதான் சொல்றான். கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணு. பொண்ணு உனக்குத்தான்."

எங்கள் பக்கம் அதுதான் முடிவு. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால், அதற்கு மேல் பேச்சில்லை. விடுதியில் கற்பூரத்துக்கு எங்கே போவது?

"இல்லாட்டி இன்னா? அதான் எரிஞ்சிகினு கீதே," என்றாள் அத்தை.

கண்ணாடியைத் தாண்டிக் கை போகவில்லை. சூடு. கேஸை மூடினால் நெருப்பு போய்விடும். நெருப்பு இல்லாமல் சத்தியம் ஏது? துண்டை மடித்துப் பிடித்து, கண்ணாடியை அப்படியே மேலே தூக்கினேன்.

காற்று இதற்காகவே காத்திருந்த மாதிரி வந்தது. நெருப்பு எதிர்ப்பக்கமாகப் படுத்தது. எதிரில் குனிந்திருந்த அப்பாவின் மீசையில் ஒரு பக்கத்தைக் காணோம். (காது வரை முறுக்கிய மீசை. உதட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.)

"ஐயோ, அண்ணாத்த!" அத்தை லெமன் ஜூஸை அவர் முகத்தில் ஊற்றினாள்.

நான் கண்ணாடியைப் பிடித்தபடி நின்றேன். கீழே வைக்கத் தோன்றவில்லை. "நான் குடிக்க மாட்டேங்க," என்றேன்.

மேனேஜர் ஓடி வந்தார். "கண்ணாடி உடைஞ்சிச்சா?"

"இல்ல சார்."

"அப்ப சரி." போய்விட்டார்.

"எழுந்திரு செல்வி. இவனுக்குப் பொண்ணு கெடையாது," என்றார் அப்பா, ஜூஸ் சொட்டச் சொட்ட.

செல்வி எழவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "சத்தியம் கேட்டது நீதான நைனா? உனுக்காக நெருப்பையே தொறந்து உட்டாரு. இன்னும் இன்னா வோணும்? கட்டுனா இவரத்தான்."

அவர் மிச்சமிருந்த பாதியைத் தடவினார். யோசித்தார்.

"மீச வளரட்டும். அப்பறம்தான் கல்யாணம். போட்டோல பாதியோட நிக்க மாட்டேன்."

வளர்ந்தது. நடந்தது.

இன்றும் யார் கற்பூரம் ஏற்றினாலும் மாமனார் மேலுதட்டைக் கையால் பொத்திக்கொள்வார். அவரைப் பார்த்து என் பிள்ளைகளும் பொத்துகிறார்கள், மகள் உட்பட. இது என்ன வேண்டுதல் என்று கோயில் பூசாரியே கேட்டுவிட்டார். தாத்தாவோடு சேர்த்து, பொத்துகிறவர்கள்:

நான்கு பேர்.