முற்றத்துப் புளியந்தூர் இரண்டும் எடுத்த செலவு

பாளையங்கோட்டை,
1911 மே 9.

தூத்துக்குடிப் பஞ்சுக் கிட்டங்கியில் கணக்கு எழுதிவரும் என் மைத்துனர் அப்பாத்துரைக்கு, அத்தான் வேதநாயகம் வாழ்த்துச் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அக்காள் சாரம்மாளும் மகள் சாலோமியும் சுகம். பள்ளிக்கூட வேலை முடிந்து வீட்டோடு இருக்கத் தொடங்கியபின் என் முழங்கால் நோவும் கொஞ்சம் குறைவு. உன் வீட்டில் எல்லாருடைய சுகத்துக்கும் எழுதவும்.

மரத்தை வெட்டினபின் நம் முற்றத்தில் வேரோடு நிற்கிற இரண்டு புளியந்தூரையும் தோண்டி எடுக்க எட்டணாவுக்கு மேல் ஆகாது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். எடுத்தாயிற்று. பன்னிரண்டு ரூபாய் இரண்டணா ஆயிற்று. எப்படி என்று கேட்பாய் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சாலோமியின் கல்யாணம் இருபத்து நாலாம் தேதி. மாப்பிள்ளையின் தகப்பனார் ஆழ்வார்குறிச்சி தானியேல் நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: சாப்பாடு ஒரே பந்தியாக நடக்க வேண்டும். அவருடைய ஆழ்வார்குறிச்சிக்காரரும் அவர் மனைவியின் சேரன்மகாதேவிக்காரரும் எங்கே சந்தித்தாலும், முதல் பந்தி யாருக்கு என்கிற இடத்தில்தான் சகோதர அன்பு முறிகிறது. அவர் மூத்த மகள் கல்யாணத்தில் இரண்டாம் பந்திக்கு நிறுத்தப்பட்ட சேரன்மகாதேவிக்காரர் பசியோடு ரயிலேறிப் போனவர்கள், இன்றுவரை பேச்சில்லை. இந்தக் கல்யாணத்துக்கும் அவர்கள் வராவிட்டால் தானும் வருவதில்லை என்று சம்பந்தியம்மாள் சொல்லிவிட்டாளாம். நம் முற்றம் நீளமானது, கிழக்கு மேற்காக அத்தனை பேரும் ஒரே வரிசையில் உட்காரலாம். ஆனால் நடுவிலே இரண்டு தூர் நின்றால் வரிசை அறுந்துபோகும், தூருக்கு அப்பால் உட்காருகிறவன் அதை இரண்டாம் பந்தி என்பான். தூர் போக வேண்டும், அல்லது கல்யாணம் போக வேண்டும்.

பந்தலுக்கு இடம் வேண்டி மரங்களை விறகுக்கடைப் பிச்சைக்கண்ணுவுக்கு விற்றேன் அல்லவா? மரம் வாங்குகிறவன் வேரோடு எடுத்துக் குழியையும் மூடிக் கொடுப்பது இங்கே வழக்கம். அந்தப்படி பன்னிரண்டு ரூபாய் என்றான். மண்ணுக்கு மேலே உள்ளது உனக்கு, கீழே உள்ளது எனக்கு, பதின்மூன்றரை ரூபாய் வை என்றேன். சிரிக்காமல் சம்மதித்தான். ஒன்றரை ரூபாயும் ஏறியது, வேரும் மிச்சம் என்று உன் அக்காளிடம் சொன்னேன். வேரை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாள். அதை நான் யோசித்திருக்கவில்லை.

குழி வெட்டுகிற சங்கிலிபூதத்தானைக் கூப்பிட்டேன். இரண்டுக்கும் சேர்த்து நாலு ரூபாய் என்று பேசி முடித்து, தூர்களைச் சுற்றிவந்து, மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

“கூலி சரிதான்யா. ஆனா இதுல குடியிருக்கது சும்மா எந்திரிச்சுப் போவாது. ஒரு சேவலக் குடுத்துப் பையச் சொல்லணும்.”

நான் சபைக் கமிட்டியில் இருக்கிறவன். புளியமரத்தில் யாரும் குடியிருப்பதில்லை என்று விளக்கமாக எடுத்துச் சொன்னேன். அவன் மறுக்கவே இல்லை. அப்படியானால் முதல் வெட்டை நீங்களே போடுங்கள் என்று மண்வெட்டியை நீட்டினான். நான் முழங்கால் நோவைச் சொன்னேன். வேலை நின்றுபோயிற்று. கடைசியில் உன் அக்காள்தான் வழி சொன்னாள்.

“நீங்க சேவல் குடுக்க வேண்டாம். கூலியோட சேத்து ஒரு கோழி குடுங்க. அவன் அத எங்க வச்சு அறுக்கான்னு நமக்கு எதுக்கு?”

பத்தணாவுக்குச் சேவல். அவன் அதைத் தூரடிக்குக் கொண்டுபோகையில் நான் வடக்கே பார்த்துத் திரும்பி நின்றேன். பிறகு கொல்லையில் அடுப்புக் கூட்டிச் சமைத்து, வீட்டுக்காரர் பங்கு என்று ஒரு கிண்ணம் உள்ளே அனுப்பினான். திருப்பினால் அவன் மனம் நோகும், தின்றால் நம் மனச்சாட்சி நோகும் என்று இருவரும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோயிலில் கல்யாண அறிக்கை வாசிப்பது பற்றிப் பேசக் குருவானவர் வந்துவிட்டார், மணம் பிடித்துவிட்டார், உன் அக்காள் வேறு வழியில்லாமல் இலை போட்டாள். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டு அவள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார். அவள் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டாள். இந்தப் பத்தியை யாருக்கும் வாசித்துக் காட்டாதே.

முதல் தூர் ஒழுங்காக வந்தது. இரண்டாவதன் வேர் பக்கத்து வீட்டுப் பாக்கியசீலனுடைய மண்சுவருக்கு அடியில் போயிருந்தது. மேற்கொண்டு ஆள் பிடித்துக் கயிறு கட்டி இழுத்ததில் வேரும் வந்தது, சுவரும் வந்தது. பாக்கியசீலன் அந்நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. ஈரத்தோடு நின்று, பழைய சுவர் கழுத்தளவுதான் இருந்தது, புதுச்சுவர் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வேண்டும் என்றுமட்டும் சொன்னார். அதற்கு மூன்றேகால் ரூபாய். பாக்கிச் செலவு இழுத்த ஆளுக்கும், குழியை மூடிய ஆற்றுமணலுக்கும், மிதித்துக் கெட்டித்ததற்கும்.

தூர்களை விற்றாவது கொஞ்சம் ஈடுகட்டலாம் என்றிருந்தேன். பிச்சைக்கண்ணு வண்டியோடு வந்து, ஒன்றும் கேட்காமல் ஏற்றத் தொடங்கினான். விலை என்ன என்றேன்.

“மண்ணுக்கு மேல உள்ளது எனக்குன்னு நீங்கதான சொன்னிய வாத்தியாரய்யா? இப்ப இது எங்கன கிடக்கு?”

முப்பது வருஷம் பிள்ளைகளின் பிழையைத் திருத்தினவன் நான். அந்தப் பேச்சில் எனக்குப் பிழை அகப்படவில்லை. ஏற்றுவதற்கு நானும் ஒரு கை கொடுத்தேன்.

ஆனாலும் மனம் நிறைந்திருக்கிறது, அப்பாத்துரை. நேற்றுச் சாயங்காலம் முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கயிறு பிடித்துப் பார்த்தோம். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சாலோமி கயிற்றை ஒட்டியே நடந்துபோய்த் திரும்பி வந்து, எல்லாரும் வந்துவிடுவார்கள் இல்லையா அப்பா என்று கேட்டாள். வருவார்கள் என்றேன். அதற்குப் பன்னிரண்டு ரூபாய் அதிகமில்லை.

நீ தாய்மாமன், குடும்பத்தோடு முன்கூட்டியே வந்துவிடு. பிள்ளைகளுக்கு என் முத்தமும் ஆசீர்வாதமும். வழித்துணையாகக் கர்த்தர் உங்களோடு இருப்பாராக.

இப்படிக்கு,
அத்தான் வேதநாயகம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது சம்பந்தி தானியேல் வந்தார். முற்றத்தைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு முகம் வாடி உட்கார்ந்துவிட்டார். முதல் பந்திச் சண்டை தீர்ந்துவிட்டதாம். பந்தி ஒன்றே என்றானபடியால், பரிமாறத் தொடங்குகிற தலையிலை எந்த ஊருக்கு என்று புதுச்சண்டை கிளம்பியிருக்கிறதாம்.

“நடுவுல ஒரு மறிப்பு இருந்தா, அங்கன நின்னு ரெண்டு பக்கமும் பரிமாறலாம், சம்மந்தி. ஊருக்கு ஒரு தலையாச்சு. அந்தத் தூரு ரெண்டும் எங்க?”

பிச்சைக்கண்ணுவின் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற உன் அக்காள், தாய்மாமனுக்கும் தலையிலைதான் முறை என்கிறாள். ஒரு முற்றத்தில் இரண்டு தலைக்கு மேல் என்னால் உண்டாக்க முடியாது. ஆகவே நீ பந்தியில் உட்காருவாயா, பரிமாறுவாயா என்பதை மறுதபாலில் எழுதவும்.