குழாயை மூடினாலும் ஓடிய மீட்டர்

டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் அதன் படிக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது. பால் போடுகிறவர், பல் டாக்டர், ரிட்டையர் ஆன கணக்கு டீச்சர் என்று ஆளுக்கொரு செல்போனை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். மேடையில், யார் வீடியோவையும் ஊர் முழுக்கப் பரப்பித் தருவதாகச் சொல்லுகிற வைரல் வாத்தியார். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி. மண்டபத்துக்குள்ளே எதற்குக் கறுப்புக் கண்ணாடி என்று கேட்டுவிடாதீர்கள். ஞானம் கூடிப்போனால் கண் கூசுமாம்.

ஒவ்வொரு போனையும் வாங்கி நெற்றியில் வைப்பார். கண்ணை மூடுவார். "யார் வீடியோவை யாருக்குக் காட்டணும்னு முடிவு பண்ற அல்காரிதம் இன்னிக்கு உம்மேல கோபமா இருக்கு" என்பார். கோபத்தைத் தணிக்க ஒரு கட்டணம். அதைச் சிரிக்க வைக்க இன்னொரு கட்டணம். "போனைக் குப்புறப் போடாதே, அதுக்கு மூச்சு முட்டும்" என்ற அறிவுரை மட்டும் இலவசம்.

நம் தையல் அக்காவும் அந்த வரிசையில்தான். தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். சட்டை கிழிந்தாலும் அவள் தைத்த பொத்தான் விழாது. அப்பேர்ப்பட்டவள் மூன்று மாதமாக, வாத்தியார் சொன்னார் என்று, தலையில் பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டு தைத்து வீடியோ போடுகிறாள். அதை உலகமே பார்க்கிறதாம். பக்கெட்டுக்குள் இருந்த அவள்தான் எதையும் பார்க்கவில்லை. தபால்காரரின் கால்சட்டையில் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டாள்.

"ஏம்மா, இதை மாட்டிக்கிட்டு நான் தவளை மாதிரி குதிச்சுக் குதிச்சா தபால் கொடுக்கிறது?"

"அண்ணே, அந்த வீடியோவுக்கு அறுபதாயிரம் பார்வை!"

"அதுல ஒருத்தரையாவது வந்து தையலைப் பிரிச்சு விடச் சொல்லு."

அக்காவுக்கு உறைக்கவில்லை. 'தங்கப் பார்வை' தீட்சை வாங்கினால் விளம்பரப் பணம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். தீட்சைக்குக் கட்ட அவளிடம் இருந்தது தையல் மெஷின் ஒன்றுதான். அதை விலை பேசியாகிவிட்டது. பழைய சாமான் வாங்குகிறவர் கீழே வண்டியோடு நிற்கிறார்.

கூடவே நாத்தனார் வந்திருந்தாள். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை அவளுக்கு.

"அண்ணி, மெஷினை வித்துட்டு எதை வச்சுத் தைப்பீங்க? பக்கெட்டை வச்சா?"

"தைக்கவே வேணாம்டி. விளம்பரக் காசு வரும், உக்காந்து சாப்பிடலாம்."

"மூணு மாசத்துல எவ்வளவு வந்துச்சு?"

"அது... வந்துக்கிட்டே இருக்கு."

"இடி மட்டும்தான் இடிக்குது, மழையைக் காணோம்!" நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வேலையில ஒரு வழக்கம் அண்ணி. மீட்டர் மேல சந்தேகம்னா குழாயை இறுக்கி மூடுவோம். சொட்டுத் தண்ணி ஓடாதப்பவும் முள்ளு ஓடினா எங்கயோ கோளாறு. ஒரே ஒரு தடவை மூடிப் பார்த்துட்டு அப்புறம் மெஷினைக் கொடுங்களேன்."

சொன்னவள் அக்காவின் போனை வாங்கி, கேமரா மேல் கட்டை விரலை அழுத்தி வைத்து, அரை நிமிடம் வீடியோ எடுத்தாள். கும்மிருட்டு. சத்தத்தையும் அணைத்துவிட்டாள். 'புதுத் தையல்' என்று பேர் வைத்தாள்.

வாத்தியார் போனை நெற்றியில் வைத்ததும் சிலிர்த்துப் போனார். "ஆஹா! இந்த வீடியோல உன் முகத்துல என்ன ஒரு களை!" என்று சொல்லி, அங்கேயே ஏற்றி, பெரிய திரையில் போட்டார்.

திரை முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் எண் ஓடியது. நூறு, ஆயிரம், பத்தாயிரம். கீழே புகழ்மாலை: 'அக்கா, அந்த நீலக் கலர் சூப்பர்!' 'சிரிப்பு அள்ளுது!'

அக்காவுக்கு ஒரு கணம் உள்ளம் குளிர்ந்தே விட்டது. சிரிப்பு அவ்வளவு நன்றாகவா வந்திருக்கிறது என்று கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். பிறகுதான் நாத்தனாரின் கட்டை விரல் ஞாபகம் வந்தது. விரலுக்கு ஏது சிரிப்பு?

"வாத்தியாரே," என்றாள் மெதுவாக, "இதுல நானே இல்லையே."

கூட்டம் சலசலத்தது. வாத்தியார் அசருவாரா? "இருட்டுதான் அடுத்த டிரெண்ட்!" என்றார். பல் டாக்டர் உடனே தன் கேமராவைக் கட்டை விரலால் பொத்திக்கொண்டார். படித்த மனிதர் பாருங்கள்!

குழாய் மூடியும் முள் ஓடினால், அடுத்ததாகச் சுவரில் காது வைப்பது மீட்டர்காரர்கள் பழக்கம். நாத்தனார் மேடைக்குப் பின்சுவரில் காது வைத்தாள். உள்ளே 'உய்ய்' என்று மின்விசிறிச் சத்தம். பக்கத்துக் கதவைத் தள்ளினாள்.

செருப்புக் கடையில் செருப்பு அடுக்கியதுபோல் நூறு போன்கள். அவற்றுக்கு வியர்க்காமல் இரண்டு விசிறிகள். நூறும் இமை கொட்டாமல் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அண்ணி, வாங்க, உங்க ரசிகருங்க! இதுல யாரு கால்சட்டை போடுறாங்க? யாரு சோப்பு வாங்குறாங்க? குளிக்காத கூட்டத்துக்கு விளம்பரம் காட்ட எந்தச் சோப்புக் கம்பெனி காசு கொடுக்கும்?"

வாத்தியார் முதன்முறையாகக் கண்ணாடியைக் கழற்றினார். கண் படிக்கட்டைத் தேடியது. அங்கே கணக்கு டீச்சர் குறுக்கே நின்றார். "இருப்பா. நூறு போனு, இந்தப் பொண்ணோட பக்கெட் வீடியோவுக்கு அறுபதாயிரம் பார்வை. ஒரு போனு அறுநூறு தடவை பார்த்திருக்கு. சின்ன வகுத்தல்! இதைப் போடாம நானும் வரிசையில நின்னேனே! எங்க கட்டணத்தை எடுத்து வச்சுட்டுப் போ."

அக்கா அதற்குள் கீழே ஓடிவிட்டாள். பழைய சாமான்காரர் மெஷினை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"இறக்குங்கண்ணே!"

"ஏம்மா, விற்கலையா?"

"தபால்காரருக்கு ரெண்டு கால் பாக்கி இருக்கு."

பல் டாக்டர் மட்டும் மாடியில் இன்னும் கட்டை விரலை எடுக்கவில்லையாம். ஒருவேளை டிரெண்ட் ஆகிவிட்டால்?

நீங்கள் அப்படி நிற்காதீர்கள், என் கண்ணுகளா. எத்தனை பேர் கை தட்டினார்கள் என்று எண்ணும் முன், தட்டியவர்களுக்குக் கை இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.